வட்டுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

வண்டலூரில் ஒரு வீடு. அங்கே 2012ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக எழுந்திருப்பதில்லை. வீட்டில் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள். "புதிய டிஸ்க் போட்டால் வேகம் பிடிக்கும்" என்று யாரோ அவளிடம் கூற, அவள் மின்ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போகிறாள். கடையில் இருந்தவற்றுள் மிக வேகமானது எது என்று கேட்டு, சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து வாங்கி வருகிறாள். வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திறந்து பார்த்தால், அந்த டிஸ்க்கைச் செருகுவதற்கு உள்ளே இடமே இல்லை!

டிஸ்க்கில் பழுது இல்லை. கணிப்பொறியிலும் பழுது இல்லை. பின் எங்கே குறை? பொருத்தத்தில்தான்.

தண்டவாளம் கூறும் பாடம்

மாணவி ஏறிச் சென்ற ரயில் பாதையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அது மீட்டர் கேஜ் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதையிலோ இந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டர். 2004ஆம் ஆண்டு வரை இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் மின்ரயில்கள் ஓடின. இறுதிச் சில ஆண்டுகளில் இருவகைப் பாதைகளும் அருகருகே இருந்தன. அகலப்பாதைப் பெட்டி எத்தனை புதியதாக இருந்தாலும் மீட்டர் கேஜில் ஓடுமா? ஓடாது. சக்கரம் தண்டவாளத்துக்கு ஏற்றதாக இருந்தால்தான் வேகத்தைப் பற்றிய பேச்சே எழும்.

கணிப்பொறியிலும் இதே கதைதான். திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு மூன்று பொருத்தம் பார்த்தால் போதும். அவை இணைப்பு, இடமும் மின்சாரமும், கொள்ளளவு.

முதற் பொருத்தம்: இணைப்பு

டிஸ்க்கிலிருந்து செய்திகள் மதர்போர்டுக்கு வந்து சேரும் வழியே இணைப்பு. இன்று வீடுகளில் காணக்கூடிய இணைப்புகள் மூன்று வகைப்படும்.

முதல் வகை, ஐ.டி.இ. பட்டையான நாடா போன்ற கேபிளும், 40 துளைகள் கொண்ட அகலமான செருகியும் இதன் அடையாளம். இது விநாடிக்கு 133 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. மிகப் பழைய கணிப்பொறிகளில் மட்டுமே இதைக் காணலாம்.

இரண்டாம் வகை, சாட்டா. இது 2003ஆம் ஆண்டில் வந்தது. சுண்டுவிரலைவிடக் குறுகிய கேபிள். செருகியில் 7 தொடுமுனைகள். இதில் மூன்று தலைமுறைகள் உண்டு. அவற்றின் உச்ச வேகம் விநாடிக்கு முறையே 150, 300, 600 மெகாபைட். இவற்றுள் ஒரு நல்ல குணம் உண்டு: புதிய தலைமுறை டிஸ்க்கைப் பழைய தலைமுறை மதர்போர்டில் செருகினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டில் எது மெதுவானதோ அதன் வேகத்தில் ஓடும், அவ்வளவே.

மூன்றாம் வகை, எம்.2. இதற்குக் கேபிளே கிடையாது. பெருவிரல் அகலமுள்ள ஒரு சிறு அட்டை மதர்போர்டிலேயே படுத்தவாறு செருகப்படும். அதன் மீது 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்கு மட்டுமே பெயர். அதே வடிவத்தில் சாட்டா முறையில் பேசும் அட்டையும் உண்டு; என்.வி.எம்.இ. என்ற வேறு முறையில் பேசும் அட்டையும் உண்டு. சில மதர்போர்டுகள் இரண்டையும் ஏற்கும்; சில ஒன்றை மட்டுமே ஏற்கும். ஒரே உருவமுள்ள இருவர் வெவ்வேறு மொழி பேசுவது போன்றது இது. எந்த மொழி என்பதை மதர்போர்டின் கையேடுதான் கூறும். மதர்போர்டின் மாதிரிப் பெயர் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடிப் படிக்கலாம்.

நமது மாணவி வாங்கி வந்தது என்.வி.எம்.இ. அட்டை. 2012ஆம் ஆண்டு மதர்போர்டுகளில் எம்.2 செருகிடம் இல்லை. நடுவே ஒரு மாற்று அட்டையை வைத்துச் செருக வழி உண்டு. ஆனால் அக்கால மதர்போர்டுகள் பெரும்பாலும் அத்தகைய டிஸ்க்கிலிருந்து கணிப்பொறியைத் தொடக்கி வைக்க மாட்டா.

வேகம் என்பது என்ன?

"அப்படியானால் பழைய கணிப்பொறிக்கு விமோசனமே இல்லையா?" என்ற ஐயம் எழலாம். உண்டு. அதை உணர, பழைய டிஸ்க் ஏன் தாமதிக்கிறது என்று பார்ப்போம்.

பழைய ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய செய்தி தட்டின் எந்தப் பகுதியிலும் இருக்கலாம். ஆகவே அது படிக்கும் முனையின் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர மேலும் சுமார் 9 மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 13 மில்லி விநாடி. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் செய்திகளை விநாடிக்கு 75 முறை அளவில்தான் எடுக்க முடியும். கணிப்பொறி கண் விழிக்கும்போது இத்தகைய சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் படிக்கிறது. காப்பி ஆறிப்போவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

எஸ்.எஸ்.டி. எனப்படும் டிஸ்க்கில் சுழலும் தட்டே இல்லை. செய்திகள் சிலிக்கான் சில்லுகளில் மின்னூட்டமாகத் தங்கியுள்ளன. எதை எடுக்கவும் காத்திருக்கும் நேரம் ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காத்திருப்பு நூறு மடங்குக்கு மேல் குறைகிறது! இந்தப் பயன் சாட்டா இணைப்பிலேயே கிடைத்துவிடும். பெட்டியின் மீது அச்சிட்டுள்ள 550 அல்லது 3,500 மெகாபைட் என்ற எண், பெரிய கோப்பு ஒன்றை ஒரே ஓட்டமாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். வீட்டு வேலைக்கு முக்கியமானது காத்திருப்பு குறைவதே. ஆகவே அந்த மாணவிக்கு ஏற்றது, விலையும் அதிகமில்லாத சாட்டா எஸ்.எஸ்.டி.தான்.

இரண்டாம் பொருத்தம்: இடமும் மின்சாரமும்

மேசைக் கணிப்பொறிக்கான ஹார்டு டிஸ்க் 3.5 அங்குல வகை, சாட்டா எஸ்.எஸ்.டி. 2.5 அங்குல வகை. பெரிய டிஸ்க்குக்காகச் செய்த இடத்தில் சிறியது தளர்ந்து ஆடும். அதைத் திருகி நிறுத்த ஒரு சட்டம் வேண்டும். அது மலிவாகக் கிடைக்கும்.

மின்சாரம் தரும் பெட்டியில் சாட்டாவுக்குரிய தட்டையான மின்செருகி மீதம் உள்ளதா என்று பாருங்கள். அதில் 15 தொடுமுனைகள் இருக்கும். மதர்போர்டில் காலியான சாட்டா செருகிடம் உள்ளதா என்பதையும் கவனியுங்கள். சி.டி. அல்லது டி.வி.டி. டிரைவ் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது பயன்படாமல் கிடந்தால் கழற்றிவிடலாம்.

மூன்றாம் பொருத்தம்: கொள்ளளவு

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே! இன்று நம் கவலை நேர்மாறானது; டிஸ்க் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடுகிறது.

பழைய முறையில் டிஸ்க் 512 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 32 இருமை இலக்க எண் தரப்படுகிறது. அத்தகைய எண்கள் சுமார் 429 கோடி. அதை 512ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.2 டெராபைட். அதற்கு மேலுள்ள இடத்துக்குக் கதவிலக்கம் கிடையாது. ஆகவே பழைய கணிப்பொறியில் 4 டெராபைட் டிஸ்க் போட்டால் ஒரு பகுதி கணக்கில் வராமல் போகலாம். ஜி.பி.டி. என்ற புதிய முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் அதிலிருந்து விண்டோஸைத் தொடக்க, மதர்போர்டில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய ஏற்பாடு வேண்டும். 2 டெராபைட்டுக்குள் வாங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று: 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார். விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

பழையதை எறியாதீர்கள்

பொருத்தும் முன் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, பழைய டிஸ்க்கிலுள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. மேசைக் கணிப்பொறியின் கேபினெட்டைத் தரையில் வைப்பது நம் வழக்கம். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று புக நுண்ணிய துளை ஒன்று உண்டு; அதன் வழியே சேற்று நீரும் புகும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. சுழலத் தொடங்கினால், எஞ்சியிருப்பதும் சிதைந்து போகலாம். புதிய டிஸ்க் வந்ததும், பழுதில்லாத பழையதை இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொண்டு, பரண் போன்ற உயரமான இடத்தில் பாதுகாப்பதே அறிவுடைமை. டிஸ்க்கை மறுபடியும் கடையில் வாங்கலாம். பாட்டியின் புகைப்படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே அடுத்த முறை ரிச்சி தெருவுக்கு ரயிலேறும் முன், கேபினெட்டைத் திறந்து உள்ளே உள்ளதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் பெயர், காலியான செருகிடம், மின்செருகி ஆகிய மூன்றும் அதில் தெரிய வேண்டும். கடைக்காரரிடம் "எது வேகமானது?" என்று கேட்காதீர்கள். படத்தைக் காட்டி, "இதற்குப் பொருந்துவது எது?" என்று கேளுங்கள்.