பாராமல் தட்டச்சிடல்

விசைகளைக் குனிந்து தேடும் வழக்கமே தட்டச்சின் விரைவைக் கெடுக்கிறது. 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்பளித்த தமிழ்99 விசைப்பலகையில் அத்தேடலுக்குத் தேவையே குறைவு. உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைக்கு உரியன. வ, ங நீங்கலாக மெய்கள் யாவும் வலக்கைக்கு உரியன. ஆதலால், மெய்யோடு உயிர் கூடுகையில் கைகளும் பெரும்பாலும் மாறிமாறி இயங்கும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு அழுத்தங்களே போதும். இடையில் வரும் புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும்!

இடச் சுட்டுவிரலை ஃ விசையிலும் வலச் சுட்டுவிரலை ப விசையிலும் அமர்த்துக. அவற்றிலுள்ள சிறு மேடுகள் பாராமலே இடத்தை உணர்த்தும். தொடக்கத்தில் விரைவு வேண்டா, பிழையின்மையே வேண்டும். சொல் தடுமாறும்போது கண் தானாகக் கீழே தாழும். பயிற்சி குலைவது அங்கேதான். அப்போது விரல்களை நடுவரிசைக்கு மீட்டு, அச்சொல்லை மெதுவாக மீண்டும் தட்டுக.