அணில் விளையாடும் முற்றம்

நெடும்பாட்டில் மிகைச்சொற்கள் சில இருப்பினும் அவை அவ்வளவாகப் புலப்படா. குறும்பாட்டிலோ வேண்டாத சொல் ஒன்று புகுந்தாலும் அது கண்ணில் விழுந்த துரும்புபோல் உறுத்தும். இயற்கை, காதல், இழப்பு, மனைவாழ்வு என்பவற்றைச் சில அடிகளிற் பாட விழையும் இளைஞர் இன்று நம்மிடையே பலர். அவர்கள் முதற்கண் பயிலத்தக்க நூல் குறுந்தொகையே.

கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுக்களைக் கொண்டது இத்தொகை. இதனைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பர். நான்கடி முதல் எட்டடி வரை அமைவது இதன் அளவு. இரண்டு பாட்டுக்கள் மட்டுமே ஒன்பதடி பெற்றன. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரும், 1937இல் உ. வே. சாமிநாதையரும் இதனை உரையோடு பதிப்பித்தனர்.

இச்சில அடிகளுள் ஒரு வாழ்வு முழுதும் அடங்குதல் எங்ஙனம்? தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளை நோக்குக. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் விலங்கும் தொழிலும் பிறவும் கரு. கூடலும் பிரிவும் போன்ற ஒழுக்கம் உரி. கருப்பொருளைத் தக்கவாறு தேர்ந்துவிட்டால் உரிப்பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு இதற்குச் சான்று. புதுமனைவி தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையிலே துடைக்கின்றாள். தாளிப்பின் புகை அவள் கண்ணிற் படிகின்றது. அவள் ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கின்றான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகின்றது. ஆறே அடிகள். காதல் என்னும் சொல் அங்கில்லை, காதல் இருக்கின்றது.

41ஆம் பாட்டோ நம் நெஞ்சை வேறுவகையில் தொடுவது. காதலன் உடனிருக்கும்போது தலைவியின் உள்ளம் விழாக்கொண்ட ஊர். அவன் பிரிந்தபோது, மக்கள் விட்டகன்ற சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய தனிவீடு. புலவர் தம் இயற்பெயர் மறைந்து, இவ்வணிலாலேயே 'அணிலாடு முன்றிலார்' எனப் பெயர் பெற்றார். ஆள் நடமாடும் முற்றத்தில் அணில் அஞ்சி ஓடும். அஞ்சாது விளையாடுமாயின் அவ்வீட்டில் எவருமிலர் என்பது சொல்லாமலே விளங்கும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர ஊர்விட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்து தம் முற்றத்தைக் கண்டவர்க்கு இப்பாட்டு உரையாசிரியர் துணையின்றியே பொருள்படும். பண்டைப் புலவர்க்கு வெறுமனை உவமை, உள்ளமே பொருள். நமக்கோ அம்மனையே பொருளாயிற்று.

ஆயினும் அவ்விழப்பைப் பாடும் மாணாக்கர் பலர் கண்ணீர், குருதி, நெருப்பு என்னும் சொற்களையே அடுக்குகின்றனர். அவர்தம் துயர் மெய்யானது; அதில் ஐயமில்லை. ஆனால் அச்சொற்கள் எவ்வூர்க்கும் எவர்க்கும் பொதுவானவை. பாடுவோர் தம் முற்றத்தில் எந்த மரம் நின்றது, கிணற்றடியில் எது கிடந்தது, திரும்பிய நாளில் அங்கு எவ்வுயிர் நடமாடியது என்பவற்றை முதலில் நினைந்து பார்ப்பாராக. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு வேண்டும் அடிகளை மட்டும் எழுதுவாராக. பாட்டு முடிந்தபின் துயரைப் பெயர் சொல்லி அழைக்கும் சொல்லை நீக்கிப் படித்துப் பார்க்க. துயர் குறையாது நிற்குமாயின் அதுவே குறும்பாட்டு.