கடல்வழிக் குடிபெயர்வும் பயணக் கடனும்: பினாங்குக் கரையிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பினாங்குப் பாலத்தைக் கடந்து செல்வோர் கண்ணில் ஜெரெஜாக் தீவு தவறாமல் படும். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த தமிழர் பலர் பினாங்கில் கரையிறங்குமுன் நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட தீவு அது. அத்தீவுக்கு வடக்கே, லங்காவியை ஒட்டிய கடற்பரப்பில், 2025 நவம்பரில் ரொஹிங்கியா மக்களை ஏற்றிவந்த படகு ஒன்று மூழ்கிப் பலர் உயிரிழந்தனர். இவ்விரு பயணங்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும் இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, முறைசாராக் கடல்வழிக் குடிபெயர்வின் ஆபத்து எங்கிருந்து பிறக்கிறது என்பது தெளிவாகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழரும் கள்ளப் படகுகளும்

இலங்கைத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் இத்தகைய பயணங்கள் பல உள்ளன. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். 1996 டிசம்பரில் மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே, பெரிய கப்பலிலிருந்து சிறிய படகுக்கு மாற்றப்பட்ட பயணிகளுடன் அப்படகு மூழ்கியது. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என 280க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் முடிந்த மறு ஆண்டான 2010இல் 'சன் சீ' என்னும் கப்பல் 492 தமிழர்களுடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது, மார்ச்சு மாதம் முதல் சிறுசிறு குழுக்களாகத் தமிழர் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் 303 இலங்கையருடன் பழுதாகித் தத்தளித்த கப்பலிலிருந்து பயணிகள் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர்.

இந்நிகழ்வுகளின் காரணங்கள் ஒரே தன்மையன அல்ல. முதல் இரண்டும் 1983க்குப் பிந்திய போர்க்காலத்தைச் சார்ந்தவை. 2010ஆம் ஆண்டுப் பயணத்தின் பின்னணியில் போரின் இறுதிக்கட்டமும், ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்ட நிலையும் இருந்தன. 2022இல் எரிபொருளும் மருந்தும் உணவும் கிடைக்காத நிலை மக்களைத் துரத்தியது. ரொஹிங்கியா மக்களுக்கோ 1982ஆம் ஆண்டு மியன்மார்க் குடியுரிமைச் சட்டமே தொடக்கப் புள்ளி. அச்சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களுக்குக் கடப்பிதழ் இல்லை. கடப்பிதழ் இல்லாதவர்க்குச் சட்டவழிப் பயணமும் இல்லை. ஆகவே, வறுமை என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் விளக்கிவிட முடியாது.

கடலைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

விமானப் பயணச்சீட்டின் விலையைவிடப் பன்மடங்கு பணம் கொடுத்துப் பழுதடைந்த படகில் ஏறுவது ஏன் என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. விடை நாடுகளின் விதிமுறைகளில் உள்ளது. ஒரு நாட்டில் புகலிடம் கோர வேண்டுமாயின் பொதுவாக அந்நாட்டின் மண்ணை அடைந்தாக வேண்டும். ஆனால் புகலிடம் கோருவதற்காக வருபவர்க்கென்று விசா வழங்கும் வழக்கம் ஏறக்குறைய எங்கும் இல்லை. விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குப் பல நாடுகள் அபராதம் விதிக்கின்றன. எனவே பயணி விமான நிலையத்திலேயே தடுக்கப்படுகிறார். அந்த இடத்தில்தான் முகவர் தோன்றுகிறார்.

முகவருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கையிருப்பன்று. நகை அடகு வைக்கப்படுகிறது, காணி விற்கப்படுகிறது, எஞ்சியது வட்டிக்கு வாங்கப்படுகிறது. கரை சேர்ந்தபின் உழைத்து அடைப்பதாக ஒப்புக்கொள்ளும் தொகையும் உண்டு. கடன்பட்டவர் படகைக் கண்டு அஞ்சினாலும் பின்வாங்க முடிவதில்லை. முகவருக்கோ, திரும்பி வராது என்று கணக்கிட்ட படகுக்குச் செலவிட மனம் வராது. கழிவுக்குரிய மீன்பிடிப் படகு, அளவுக்கு மீறிய ஆட்கள், குறைந்த குடிநீர், நடுக்கடலில் கைவிட்டுச் செல்லும் மாலுமிகள் ஆகியவை இவ்வணிகத்தின் இயல்பான விளைவுகளே. கடன் தீராதவர் பிணையாளாகவும் ஆக்கப்படுகிறார். 2015 மே மாதத்தில் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டறியப்பட்டதாக மலேசியக் காவல்துறை அறிவித்தது. உறவினரிடமிருந்து மீட்புத்தொகை வரும்வரை மக்களை அடைத்துவைத்த முகாம்கள் அவை.

அதே மாதத்தில் தாய்லாந்து அரசு முகவர் கும்பல்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, அவர்கள் பயணிகளைக் கடலிலேயே விட்டுவிட்டு ஓடினர். ஆயிரக்கணக்கானோரை ஏற்க எந்நாடும் முன்வராமல் படகுகள் அலைந்தன. மே 20ஆம் நாளன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் தற்காலிக அடைக்கலம் வழங்க இணங்கின. 2020இல் கோவிட் காலத்திலும் மலேசியாவை அடைய முடியாத ஒரு படகு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கடலில் அலைந்தபின் வங்காளதேசக் காவற்படையால் மீட்கப்பட்டது. பசியாலும் நோயாலும் இறந்தோர் பலர். முகவரை ஒடுக்குவது தேவையே. ஆனால் வேறு வழி திறக்கப்படாதவிடத்து அதன் சுமை பயணிமீதே விழுகிறது.

பினாங்கின் பழைய பாடம்

இதனை நம் சொந்த வரலாறும் உறுதிப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆள்பிடிப்போர் ஊர்ப்புறங்களில் ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆள்சேர்த்தனர். கப்பல் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. அக்கடனே சஞ்சிக்கூலி முறையின் அடித்தளமாக இருந்தது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டமையால் இந்தியச் சட்டத்தின் பார்வையில் பினாங்கு அயல்நாடாயிற்று. 1870இல் இங்குத் தொழிலாளரை அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1872இல் சட்ட அனுமதியுடன் மீண்டும் தொடங்கியது.

சட்ட அனுமதி வந்த பின்னும் கடன் நீங்கவில்லை. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தமிழர் குடிநுழைவு நிதி உருவாக்கப்பட்டு, முதலாளிமார் செலுத்திய வரியிலிருந்து பயணச் செலவு ஈடுசெய்யப்பட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. பயணச் செலவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதும் தேவை குறைந்தது. 1910இல் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. இந்நிதி தோட்ட முதலாளிகளின் ஆள்தேவைக்காகவே ஏற்பட்டது என்பதையும், கங்காணி முறையில் கொடுமைகள் தொடர்ந்தன என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும் ஒன்றை அது காட்டுகிறது: பயணத்தின் கடன் பயணியின் தலையிலிருந்து இறங்கும்போது இடைத்தரகரின் பிடியும் தளர்கிறது.

இன்றைய நிலை

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. நாட்டில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்திடம் பதிவு பெற்றோர் 180,000க்கும் மேற்பட்டோர்; பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள். சட்டப்படி வேலைசெய்யும் உரிமை பொதுவாக இல்லாமையால், பட்ட கடனை அடைக்க அவர்கள் கிடைத்த கூலிக்கு உழைக்கின்றனர். மனித வணிகத்துக்கு எதிரான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டுக் குடிபெயர்வோரைக் கடத்திவிடுதலும் குற்றமாக்கப்பட்டது. அச்சட்டம் முகவரைத் தண்டிக்க உதவும். கடனைத் தீர்க்க உதவாது.

முடிவுரை

தாயகத்தில் குடியுரிமையும் பாதுகாப்பும் பிழைப்பும் கிட்டாதவரை மக்கள் புறப்படுவதை எந்தக் கடற்படையும் முற்றாகத் தடுக்க இயலாது. வெளிப்படையான, கடன் சுமத்தாத சட்டவழிகளும், வந்தடைந்தோர்க்கு முறையான வேலை உரிமையும் அமையுமாயின் படகுகளின் எண்ணிக்கை குறைய வாய்ப்புண்டு. இவ்விவாதத்தில் மலேசியத் தமிழர் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் தலைமுறை இக்கரையில் இறங்கியபோது, அவர்கள் பெயரிலும் ஒரு கடன் எழுதப்பட்டிருந்தது. இன்று படகில் வருபவரைப் பற்றி நாம் கருத்துரைக்கும்போது அதனை நினைவிற் கொள்வது நம் கடமையாகும்.