பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல்... மூன்றாம் வகுப்பில் என்ன கிடைக்கிறது?

வாயால் கேட்டால் டக்கென்று பதில் வருகிறது. எழுதச் சொன்னால் தாள் வெள்ளையாகவே திரும்பி வருகிறது. மனக்கணக்கில் புலியாக இருக்கும் பிள்ளை, அதே கணக்கைக் கேள்வித்தாளில் படிக்க முடியாமல் விழிக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் முதல் பட்டம் 'சோம்பேறி'. வீட்டில் கிடைப்பது 'விளையாட்டு புத்தி'. டிஸ்லெக்ஸியா என்ற சொல் அந்தக் குழந்தையின் பக்கம் வந்து சேர்வதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுகின்றன.

2007-ல் வெளியான ஆமிர் கானின் 'தாரே ஜமீன் பர்' படத்தின் மூலம் அந்தச் சொல் பல வீடுகளுக்குத் தெரிய வந்தது. ஆனால், அது ஏதோ இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பிப் போடும் கோளாறு என்றே இன்னமும் பலர் நினைக்கிறார்கள். தமிழிலும் அது படுத்தும் பாடு கொஞ்சமில்லை. 'கொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்கு முதலில் கேட்பது 'க்'. கண்ணுக்கு முதலில் தெரிவதோ கொம்பு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் இருப்பது ஒரே க வரிசை எழுத்துதான், ஆனால் ஒலிப்பது மூன்று விதமாக. போதாக்குறைக்கு ல, ள, ழ. ன, ண, ந. நமக்குப் பழகிப்போனதால் இதெல்லாம் உறைப்பதில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதிலேயே திணறும் குழந்தைக்கு ஒவ்வொரு வரியும் மலையேற்றம். அறிவில் குறை ஒன்றும் கிடையாது. நோட்டில் மட்டும் சிவப்பு மையில் 'கவனம் தேவை'!

ஏட்டில் இரண்டு பிரிவுகள்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. இந்தக் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைச் சொல்கிறது 17-வது பிரிவு.

நடைமுறையில் ஓரளவு ஒழுங்காக ஓடுவது 17-தான். பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்ஸியா மாணவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. சொல்வதை எழுத ஆள் கிடைக்கிறார். இது இல்லாவிட்டால் பள்ளிப் படிப்பையே முடிக்காத பிள்ளைகள் பலர் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பதில் சொல்லி எழுதவைப்பதும் ஒரு பழக்கம்தானே! வாக்கியத்தை மனதில் அடுக்கி, எழுதுபவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் எந்த வகுப்புத் தேர்விலும் அப்படி எழுதிப் பார்க்காத பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகப் பொதுத்தேர்வில் அதைச் செய்தால் எப்படி இருக்கும்?

எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதால், சிக்கல் வெளியே தெரிவதும் தள்ளிப்போகிறது. அதற்காக ஃபெயில் ஆக்குவது தீர்வாகாது. ஃபெயில் ஆனால் டிஸ்லெக்ஸியா போய்விடாது. ஆனால், தேர்ச்சி கொடுத்த கையோடு 'இந்தப் பிள்ளை ஏன் வாசிக்கவில்லை?' என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

யார் கேட்பது?

வகுப்பாசிரியர் கேட்கலாம். முப்பது, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே பாடத்தையும் முடிக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். இதற்கென்றே பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் அரசுப் பள்ளிகளுக்கு உண்டு. அவர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள், பணி நிரந்தரம் கேட்டுப் போராடியும் வருகிறார்கள். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லிவிட்டது. வாரத்தில் ஏதோ ஒரு நாள் வந்துபோகும் ஆசிரியரை வைத்து அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

தனியார் பள்ளிகளில் கதை வேறு. 'வேற ஸ்கூல் பாருங்களேன், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்ற இனிப்பான வெளியேற்றம் அங்கே நடக்கிறது. சில இடங்களில், உதவிக்குத் தனி ஆசிரியரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தப் பணம் இல்லாத வீட்டில் வேலையை விடுவது பெரும்பாலும் அம்மாதான்.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகே கிடைக்கும். இதைச் சொல்லியே 'சர்ட்டிஃபிகேட் வரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருக்கவைக்கிற பள்ளிகள் உண்டு. முன்வரிசையில் உட்காரவைக்க எதற்குச் சான்றிதழ்? எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லாமல் இருக்க? சின்னத் தேர்வுகளில் வாய்வழியாகப் பதில் கேட்க? கரும்பலகையில் இருப்பதை நகலெடுக்க இன்னும் பத்து நிமிடம் தர?

இரண்டாம் வகுப்பு முடியும்போதும் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவற்றில் பிரச்னை இல்லையென்றால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.