பொய் வண்ணம், மெய் அழுக்கு

எஃப்-20 டைகர்ஷார்க்கை எந்த நாட்டு விமானப்படையும் வாங்கவில்லை. அமெரிக்காவின் நார்த்ரப் நிறுவனம் அரசுப் பணத்துக்குக் காத்திராமல், சொந்தக் கைமுதலாக 100 கோடி டாலருக்கு மேல் கொட்டிச் செய்த போர் விமானம் அது. 1982 ஆகஸ்ட் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. செய்து முடித்தவை மூன்றே மூன்று. ஒன்று 1984-ல் தென்கொரியாவிலும் மற்றொன்று 1985-ல் கனடாவிலும் விழுந்து நொறுங்கின. இரண்டு விமானிகளும் பிழைக்கவில்லை. 1986-ல் திட்டத்தையே ஏறக்கட்டினார்கள். மிஞ்சிய ஒற்றை விமானம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா அறிவியல் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு சண்டைகூடப் போடாத இந்த விமானம், பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்பவர்களின் அலமாரிகளில் மட்டும் பல போர்களைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் நிற்கிறது. மூக்கின் மேல் துப்பாக்கிக் கரி, அடிவயிற்றில் எண்ணெய்க் கசிவு, இறக்கை முனையில் பெயர்ந்த வண்ணம், வாலில் ஒற்றைக் கொம்புக் குதிரை. குதிரைக்குக் காரணம் கவோரு ஷின்தானி 1979-ல் வரையத் தொடங்கிய ‘ஏரியா 88’ என்ற ஜப்பானியப் படக்கதை. நண்பனே குடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கியதால் கூலிப்படையில் மாட்டிக்கொள்ளும் ஷின் கசாமா என்ற விமானி, ஆஸ்லான் என்னும் இல்லாத நாட்டின் பாலைவனத் தளத்திலிருந்து பறக்கிறான். அவன் ஓட்டும் விமானங்களில் எஃப்-20-யும் ஒன்று. ஜப்பானின் ஹசெகாவா நிறுவனம் இந்தக் கதையின் விமானங்களை, கதையில் வரும் சின்னங்களோடு சேர்த்தே, பாகங்களைப் பெட்டியில் அடைத்த கிட்டுகளாக விற்றிருக்கிறது.

இப்படி நடக்காததை நடந்ததாக வைத்துச் செய்யும் மாதிரிகளை ‘வாட் இஃப்’ என்று சொல்வார்கள். இந்த ரகத்துக்கு ரசிகர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போர் இன்னும் ஒரு வருடம் நீடித்திருந்தால் ஜெர்மனி எதையெல்லாம் பறக்கவிட்டிருக்கும் என்று யோசித்துச் செய்பவர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்களுக்குச் செல்லப்பிள்ளை, காகிதத்தோடு நின்றுபோன ஃபோக்கே-வுல்ஃப் டா 183. அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த குர்ட் டாங்க் போருக்குப் பிறகு அர்ஜென்டினா போனார். அங்கிருந்து பெங்களூருக்கு வந்து, 1961-ல் பறந்த நம் ‘மாருத்’ போர் விமானத்தை வடிவமைத்தார். காகித விமானத்தை மாதிரியாகச் செய்பவர்கள் தொடும் சரித்திரம் சில சமயம் இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும்.

நிஜமான படைகளே இந்த விளையாட்டில் இறங்கியதும் உண்டு. 1986-ல் வந்த ‘டாப் கன்’ படத்தில் எதிரிகள் ஓட்டும் ‘மிக்-28’ என்று ஒரு விமானமே கிடையாது. சோவியத் மிக் போர் விமானங்களுக்கு ஒற்றைப்படை எண் வைப்பதுதான் வழக்கம். படத்தில் பறந்தவை கறுப்பு அடித்து வாலில் சிவப்பு நட்சத்திரம் போட்ட அமெரிக்க எஃப்-5 விமானங்கள், அதாவது எஃப்-20 பிறந்த அதே குடும்பம். அதே 1986-ல் டெஸ்டர்ஸ் என்ற கம்பெனி, அமெரிக்கா மூடிமறைத்து வைத்திருந்த ரேடாருக்குச் சிக்காத விமானம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ‘எஃப்-19’ கிட்டைக் கடைக்கு அனுப்பியது. மக்கள் பிரதிநிதிகளே பார்க்க முடியாத ரகசியம் பொம்மைக் கடையில் கிடைக்கிறதே என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1988 நவம்பரில் உண்மையான விமானத்தின் படம் வெளியானபோது அதன் பெயர் எஃப்-117 என்று தெரிந்தது. மாதிரியில் வளைவும் குழைவுமாக இருந்த உடம்பு, நிஜத்தில் பட்டை தீட்டிய கல்லைப்போல் தட்டைத் தட்டையாக இருந்தது. டெஸ்டர்ஸின் ஊகம் தப்பு. விற்பனை மட்டும் அமோகம்.

கற்பனை விமானத்தைப் பார்ப்பவர் ஏன் நம்புகிறார்? இதற்கு முதலில் விடை கண்டவர்கள் திரைப்படக்காரர்கள். 1965-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடருக்கு விமானங்களும் ராக்கெட்டுகளும் செய்த டெரெக் மெடிங்ஸ், புது மெருகோடு எதையும் கேமரா முன் வைக்க விடமாட்டார். புகையும் அழுக்கும் பூசிய பிறகே படப்பிடிப்பு. 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு விண்கலங்கள் செய்தவர்கள் டேங்கி, கப்பல், விமானக் கிட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, அவற்றின் உதிரித் துண்டுகளைக் கலங்களின் மேல் ஒட்டினார்கள். பிறகு பல வருடம் ஓடித் தேய்ந்த வண்டிபோல் அவற்றை அழுக்காக்கினார்கள். கதை எந்தக் கிரகத்தில் நடந்தால் என்ன, துருவும் எண்ணெய்க் கறையும் பார்ப்பவருக்குத் தெரிந்த சங்கதிகள்.

விமான மாதிரியிலும் கணக்கு அதேதான். வண்ணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். அழுக்கில் புளுகினால் உடனே மாட்டிக்கொள்வோம்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்கும் அளவு 1/72. 1930-களில் பிரிட்டனில் வந்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரக் கிட்டுகள் பரப்பிய விகிதம் இது. ஆறடி ஆள் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவான். பதினாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான எஃப்-20, இந்த அளவில் ஒரு சாணுக்கும் குறைவு, 20 சென்டிமீட்டர். கிட்டைத் திறந்தால் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கட்டரால் நறுக்கி, நறுக்கிய இடத்தின் முண்டை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் நீர்த்த பசையை மெல்லிய தூரிகையால் விளிம்பில் தொட்டால் போதும், இடுக்கில் தானாக ஓடிப் பரவிவிடும். உடம்பின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் கோடு தெரியும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்முன் செய்வதுபோல இதற்கும் பட்டி பார்த்து, 400, 600, 1000 என்று உப்புத்தாளின் நயத்தைக் கூட்டிக்கொண்டே போய் வழவழப்பாக்க வேண்டும். பொறுமையில்லாதவர் இங்கேயே கழன்றுகொள்வார்.

பிறகு வண்ணம். கற்பனைப் படைக்கு வண்ணம் தீர்மானிப்பது விருப்பப்படி டப்பாவைத் திறப்பதல்ல. அந்த நாடு எங்கே இருக்கிறது, வசதி உண்டா, விமானத்தை யாரிடம் வாங்கியது, எதிரி யார் என்று நாலு கேள்விக்குப் பதில் வைத்திருந்தால் வண்ணம் தானாக வரும். பாலைவன நாடென்றால் மேலே மணலும் பழுப்பும், கீழே வெளிர் நீலமோ சாம்பலோ. வட்டச் சின்னம் வரைவதிலும் யோசனை வேண்டும்: சுடும் அவசரத்தில் எதிரியின் சின்னமாகத் தெரியக் கூடாது. 1942-ல் அமெரிக்கா தன் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை அழித்தது, ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்கத்தான். பர்மா களத்தில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களும் அதே காரணத்துக்காகச் சிவப்பைக் கைவிட்டு நீலத்தோடு நின்றன. இந்த மாதிரி ஒரு தர்க்கம் இல்லாத சின்னம், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்டிக்கராகவே தெரியும்.

சின்னங்கள் டீகாலாக வரும்: தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய படலம். சொந்தமாக வரைந்ததை டீகால் தாளில் பிரிண்டரில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. எனவே வெள்ளை வர வேண்டிய இடத்தில் முதலில் வெள்ளை பெயின்ட் அடித்து, அதன்மேல் டீகாலை ஒட்டுவார்கள். ஒட்டும் தளம் பளபளப்பாக இருப்பது முக்கியம். சொரசொரப்பான தளத்தில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளியாக மினுங்கும்.

இனி அழுக்குக்கு வருவோம்.

வண்ணம் பெயர்ந்த தோற்றத்துக்குத் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேதான் கைகண்ட மருந்து. அடிப்பூச்சான பிரைமருக்கு மேல் வெள்ளி வண்ணம், காய்ந்ததும் அதன்மேல் ஹேர் ஸ்பிரே, அதற்கும் மேல் அக்ரிலிக் மணல் வண்ணம். அரை மணி நேரம் கழித்து, வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீரைத் தொட்டுவைத்து, கட்டைத் தூரிகையால் மெல்லக் குத்த வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கி ஹேர் ஸ்பிரேயைக் கரைக்கும். மேலிருக்கும் வண்ணம் செதில் செதிலாக எழும்பி, அடியிலிருக்கும் வெள்ளி எட்டிப்பார்க்கும். கையால் வரைந்த கீறலுக்கு வராத ஒழுங்கின்மை இதற்கு வரும். ஒரே ஆபத்து, ருசி கண்டு நிறுத்தத் தெரியாமல் போவது. 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் செதில் என்றால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல், உள்ளங்கையளவு ஓட்டை. பத்து இடத்தில் அப்படிப் பெயர்த்துவிட்டால் அந்த விமானம் பறந்துவந்ததாகத் தெரியாது, காயலான் கடையிலிருந்து எடுத்துவந்ததாகத்தான் தெரியும்.

எங்கே பெயர்க்கலாம் என்பதற்கும் விதி உண்டு. மெக்கானிக் ஏறி மிதிக்கும் இறக்கைத் தோள், தினமும் திருகிக் கழற்றும் மூடிகளின் ஓரம், மணல் அறையும் இறக்கை முன்விளிம்பு, காற்று உள்வாங்கியின் உதடு ஆகிய இடங்களில் வெள்ளி தெரியலாம். மூக்கின் நுனிக் கூம்பில் தெரியக் கூடாது. உள்ளே ரேடார் இருப்பதால் அந்தக் கூம்பை உலோகத்தில் செய்ய முடியாது; ரேடார் அலை உள்ளும் புறமும் போய்வரும் நாரிழைப் பொருளில் செய்வார்கள். அங்கே வெள்ளிக் கீறல் போட்டவர் விமானத்தைப் பார்க்காமல் மற்ற மாதிரிகளைப் பார்த்துச் செய்தவர் என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

கறைகளுக்குத் திசை உண்டு. பறக்கும்போது கசிந்தது காற்றோடு பின்னால் ஓடும்; நிற்கும்போது கசிந்தது நேர்கீழாக வழியும். இரண்டும் கலந்து இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் பழுப்பும் கறுப்புமாக ஊசிமுனைப் பொட்டு வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள். பொட்டு கரைந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோடாகும். எஃப்-20-க்கு 20 மி.மீ. துப்பாக்கிகள் இரண்டும் மூக்கின் மேற்புறத்தில் இருப்பதால், கரி அங்கே தொடங்கி விமானி அறைப் பக்கம் படர வேண்டும். பாலைவன வெயில் மேல்பக்கத்தை வெளிற வைக்கும். அடிப்பக்கத்தின் நிறம் அந்த அளவுக்கு மாறாது. ஆஸ்லானைப் போலப் போரில் மாட்டிய நாட்டில் பெயின்ட் தட்டுப்பாடு இருக்கத்தானே செய்யும்? ஆகவே ஓரிரு இடத்தில் நிறம் பொருந்தாத ஒட்டுப்பூச்சு. கதை வண்ணத்துக்குள் நுழைவது இந்த மாதிரி இடங்களில்தான்.

தகடுகள் சேரும் கோடுகளைப் பற்றித்தான் பெரிய சர்ச்சை. நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பைக் கோடுகளில் ஓடவிட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுப்பது வழக்கம். துடைக்க வர வேண்டுமானால் முதலில் பளபள வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம். நிஜ விமானத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி 1/72-ல் தலைமயிரைவிட மெல்லியதாகிவிடும். அதாவது கண்ணுக்கே தெரியக் கூடாது. கிட்டில் அச்சிட்டு வரும் கோடே மிகைதான். அதில் கரியையும் ஊற்றினால் விமானம் ஓடு வேய்ந்த கூரை ஆகிவிடும் என்று ஒரு சாரார் அலுத்துக்கொள்கிறார்கள். நவீன விமானப்படைகள் உலோக அரிப்புக்குப் பயந்து அடிக்கடி கழுவுவதால் நிஜ விமானங்கள் இவ்வளவு அழுக்காக இருப்பதில்லை என்பதும் அவர்கள் வாதம். கையகலப் பொருளில் வெயிலும் நிழலும் நிஜம்போல் விழாது, அந்தக் குறையைத் தூரிகைதான் ஈடுகட்ட வேண்டும் என்பது மறுசாரார் கட்சி. டேங்கி மாதிரிகளில் முற்றிய அழுக்குக் கலை, குறிப்பாக ஸ்பெயின்காரர்கள் கையில் வளர்ந்தது, விமானத்துக்குத் தாவியதால் வந்த வினை இது என்று நினைக்கவும் இடமிருக்கிறது. டேங்கி சேற்றில் உருளும். விமானம் அப்படி இல்லை. கற்பனை விமானத்தில் மட்டும் இந்த வழக்கு சற்று இளகுகிறது. ஒப்பிட நிஜப் படம் இல்லாததால், செய்தவர் சொல்லும் கதைதான் அளவுகோல். சண்டைக்கு நடுவே கழுவ நேரமில்லாத கூலிப்படைத் தளம் என்றால் கொஞ்சம் கூடுதல் கரியை யாரும் கேள்வி கேட்க முடியாது.

எல்லாம் முடிந்தபின் மேலே மேட் வார்னிஷ் ஒரு கோட். பளபளப்பு போனதும் தனித்தனியாக நின்ற கறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரே வேலை எதுவானாலும் முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

மாதிரி செய்பவர்களுக்கென்று 1963-ல் பிரிட்டனில் தொடங்கிய ஐபிஎம்எஸ் சங்கத்துக்கு இன்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. போட்டிகளில் கற்பனை மாதிரிகளுக்குத் தனிப் பிரிவு வைப்பதும் நடக்கிறது. செய்தவர்கள் பக்கத்தில் ஒரு சிறு அட்டை வைத்து, எந்த நாடு, எந்தப் போர், விமானம் எப்படிக் கைக்கு வந்தது என்று எழுதிவைப்பார்கள். அட்டை நாலு வரியைத் தாண்டினால் படிக்க ஆளில்லை. கதை எத்தனை ஜோடனையாக இருந்தாலும் நடுவர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது உடம்பின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு மறைந்திருக்கிறதா, இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்பதைத்தான்.