உங்களுக்குத் தெரியுமா? விண்வெளியிலிருந்து வந்த தபால் வாக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பூமியிலேயே இல்லாதவரும் வாக்களிக்கலாம்! 1997-ல் மாநிலச் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. நாசா விண்வெளி வீரர்களில் பெரும்பாலோர் ஹூஸ்டன் பகுதியில் குடியிருப்பதுதான் காரணம். அதே ஆண்டு, ரஷ்யாவின் மிர் நிலையத்தில் தங்கியிருந்த டேவிட் வுல்ஃப், விண்ணிலிருந்து வாக்களித்த முதல் அமெரிக்கர் ஆனார்.

வாக்குச்சீட்டு சங்கேதக் கோப்பாக மேலே போகும். நிரப்பியதும் அதே பாதுகாப்போடு கீழே இறங்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல் உள்ளூர்த் தேர்தல் அலுவலரிடம் இருக்கும்.

தரையில் இருப்பவர்களுக்கு வழி இவ்வளவு எளிதாக அமையவில்லை. 2021-ல் இதே மாநிலம் கொண்டுவந்த தேர்தல் பாதுகாப்புச் சட்டப்படி, தபால் வாக்கு உறையில் ஓட்டுநர் உரிம எண்ணையோ, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களையோ எழுத வேண்டும். அது வாக்காளர் பதிவில் உள்ள எண்ணோடு பொருந்தவும் வேண்டும். முறைகேட்டைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள் சட்டத்தை ஆதரித்தவர்கள். ஆனால் எண் எழுதும் இடமோ உறையின் மடிப்புக்குள் இருந்தது. பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

2022 மார்ச்சில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் 24,000-க்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் தள்ளுபடியாயின. ஏறக்குறைய எட்டில் ஒன்று! டெக்சாஸில் தபால் வாக்கைப் பெரும்பாலும் பயன்படுத்துவோர் 65 வயதை எட்டியவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் என்பதால், இந்த இழப்பு அவர்கள் தலையில்தான் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் தள்ளுபடி விகிதம் 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.