பெரட்டு மணியும் ஒட்டு மருந்தும்

மலேசியாவில் சுங்காய்க்கு அருகே, ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனைக் காடாகிவிட்ட நிலத்தின் ஓரத்தில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவருக்கு வைகறை நான்கரை மணிக்கு இன்றும் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. பெரட்டு மணி அடித்து, பெயர் கூப்பிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குப் போன காலம் மறைந்துவிட்டது. பால் வெட்டக் குனிந்தும், காண்டாவில் இருபுறமும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடந்தும் உழைத்த தேகத்தில் முதுகெலும்பின் வேதனை மட்டும் தங்கிவிட்டது.

எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தத் தொடங்கியபின், மற்றச் சிகிச்சைகளெல்லாம் கைவிட்ட நிலையில், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மார்பின் மாத்திரையை வைத்தியர் தயக்கத்துடனேயே எழுதிக்கொடுத்தார். மணி தவறாமல் வாழ்ந்த பாட்டிக்கு இந்த நியமம் சிரமமாக இல்லை. ஆனால் நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களை முன்னரே பலவீனமாக்கியிருந்தது. மார்பின் கல்லீரலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டியவை. அவ்வழி அடைபடவே அவை தேகத்தில் தேங்கி, பாட்டி பட்டப்பகலில் பேச்சின் நடுவே கண்ணயர்வதும், கைகால் வெட்டிவெட்டி இழுப்பதுமாயிற்று. மார்பினை விட்டு, சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிராத ஃபென்டனில் ஒட்டு மருந்துக்கு மாறவேண்டும் என்றார் வைத்தியர்.

பெயரைக் கேட்டதும் மகன் கலங்கினான். 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கலக்கம் இயல்பே. ஆயினும் இதே நாட்டில்தான் 2008-இல், நாடி, மூச்சு, உஷ்ணம், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் குறித்துக்கொள்ளச் சுகாதார அமைச்சு அரசாங்க மருத்துவமனைகளைப் பணித்தது என்பதும் நினைக்கத் தக்கது.

மருந்து மாற்றுவது ரிங்கிட்டை ரூபாயாக மாற்றுவது போன்றதன்று. ஒரு மருந்துக்குப் பழகிய தேகம் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்கும் அதே அளவு பழகியிருக்கும் என்று சொல்லமுடியாது. ஆகவே கணக்கில் சமமென வரும் அளவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை குறைத்தே புதியதைத் தொடங்குவது பொதுவான மரபு. அதைவிட நுட்பமானது இடைப்பட்ட நேரம். ஒட்டு மருந்து முதலில் தோலடியில் சேமிப்பாகித்தான் இரத்தத்தில் கலக்கும். அதன் பலன் நன்கு தெரிய பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் செல்லும். இதனால் முதல் ஒட்டை ஒட்டும் வேளையில் கடைசி மார்பின் மாத்திரையையும் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் அந்த ஓர் இரவு நீண்டதுதான். மருந்து வேலை செய்யவில்லை என்று பொறுமையிழந்து இன்னொன்றையும் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு மறுநாள் இரண்டும் சேர்ந்து மூச்சை மந்தப்படுத்தும். ஒட்டை உரித்தெறிந்தாலும் தோலடிச் சேமிப்பு உடனே தீர்ந்துபோகாது; இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழப் பதினேழு மணி நேரம் ஆகும்.

பாட்டியின் சந்தேகமோ வேறு. சீனர் மருந்துக்கடையில் கோயோக் வாங்கி வலித்த இடத்தில் ஒட்டியே பழகியவர் அல்லவா? தாதியிடம் கேட்டார்:

“மிஸ்ஸி, இந்தக் கோயோக்க இடுப்புலதான ஒட்டணும்?”

“வலிக்கிற எடத்துலதான்னு இல்ல பாட்டி, நெஞ்சுல, புஜத்துல ஒட்டலாம். கத்திரியால மட்டும் வெட்டிறாதீங்க.”

இந்த மருந்து இரத்தத்தோடு சென்று மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்வது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேறொரு இடத்தில் ஒட்டப்படுவது. நாட்காட்டியில் மூன்று நாளைக்கு ஒரு வட்டமாகப் பேரப்பிள்ளை போட்டுவைத்தான். உரித்த ஒட்டிலும் மருந்து மிச்சமிருக்குமாதலால், பசையுள்ள பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்பதை அவனே வீட்டாருக்கு நினைவூட்டுகிறான்.

ஆனால் ஊருக்கு வெளியே சுங்கை கிளா வெந்நீர் ஊற்று இருக்கிறதே! மூட்டுவலிக்காரர்கள் முழுகியெழும் அந்தத் தடாகத்தைப் பாட்டி மறந்துவிட வேண்டியதாயிற்று. தோலில் உஷ்ணம் ஏற ஏற ஒட்டிலிருந்து மருந்து விரைந்து உள்ளேறும். காய்ச்சலுக்கும் சூட்டுப் பைக்கும் சொல்லும் எச்சரிக்கை வெந்நீர்க் குளியலுக்கும் பொருந்தும். சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பம் முழுவதும் அங்கே நீராடிக்கொண்டிருக்க, பாட்டி மேல்துண்டைப் போர்த்தியபடி, கொதிக்கும் ஊற்றருகே நிழலில் அமர்ந்து, கூடையில் இறக்கிய முட்டைகள் வெந்துவிட்டனவா என்று பேரனை நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.